கோப்பையைக் கேட்கும் முன் மூச்சைக் கேட்போம்



வருடம் பிறந்து முதலாம் தவணை தொடங்கினால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிடும். பிள்ளைகள் இல்லத்து நிறத்தில் ரிபன் கேட்பார்கள், சப்பாத்து கேட்பார்கள். "மரதன்ல பேர் குடுத்திட்டேன்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். தரம் 5இல் பிள்ளை இருக்கிற வீட்டில் புலமைப்பரிசில் பேச்சும் தொடங்கியிருக்கும். சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளை இருந்தால் சொல்லவே தேவையில்லை.

இந்த நாட்களில் நாங்கள் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி இரண்டுதான். "எத்தனை புள்ளி?" "எத்தனையாம் இடம்?" இரண்டும் நல்ல கேள்விதான். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறோம். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "உடம்புக்கு எப்படி இருக்கு?" அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் இந்த மாதத்துப் பாடம். தாய்மார் கூட்டத்தில் வாசித்துப் பேசலாம். வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பிள்ளைகளே சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

கடற்கரையிலும் மலையிலும் ஒரே கவலை

என் ஊர் கல்முனை. அம்பாறை மாவட்டத்துக் கடற்கரை ஊர். வேலை எனக்கு இங்கே மலையில். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர்களின் உம்மாவோடு ஊரில் இருந்து படிக்கிறார்கள். லீவு கிடைத்தால் கண்டிக்கு வந்து, மகியங்கனை, அம்பாறை வழியாக பஸ் ஏறிப் போய் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் டெலிபோன்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் தொழில் வேறு. மீன்பிடி, வயல், வியாபாரம், மருதமுனையில் கைத்தறி நெசவு. இங்கே கொழுந்தும் மலையும். ஆனால் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கல்முனைக் கரையில் வீடும் உயிரும் பாடசாலையும் போயின. அதற்குப் பிறகு ஊரில் பெற்றோருக்குப் படிப்பில் பிடிப்பு இன்னும் கூடியது. சொத்து போகும், படிப்பு போகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

தோட்டத்துக் கதையும் உங்களுக்குத் தெரியும். நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் பல தோட்டங்களில் ஒரே ஒரு வாத்தியார், ஒரே ஒரு அறை. ஐந்தாம் வகுப்போடு பலருக்குப் படிப்பு முடிந்தது. நமக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். நியாயமான ஆசை.

ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். பாட்டன் படிக்காத படிப்பையும், அப்பன் வாங்காத கோப்பையையும் சேர்த்து ஒரு சின்னப் பிள்ளை சுமக்கிறது. அந்தச் சுமை பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அது சில விஷயங்களை நம்மிடம் சொல்லாமல் மறைக்கிறது.

திருக்கோவிலில் நடந்தது

கல்முனைக்குத் தெற்கே, அக்கரைப்பற்றைத் தாண்டினால் திருக்கோவில் வரும். அதுவும் எங்கள் கடற்கரைதான். 2024 மார்ச் மாதம் அங்கே ஒரு பாடசாலையின் மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். காலையில் ஓடப் போன பிள்ளை திரும்பி வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கரை முழுவதும் அழுதது. ஓடுகிற பிள்ளை இருக்கிற வீடுகளில் அன்று இரவு யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அந்தத் துயரத்தில் யார் மேல் பிழை என்று பேசுவது இந்தப் பாடத்தின் வேலை இல்லை. அந்தக் குடும்பத்தின் துக்கத்துக்கு மரியாதை கொடுப்போம். அந்த வருடம் வெப்பம் கடுமையாக இருந்தது. வெயிலில் பிள்ளைகளை விளையாட்டில் ஈடுபடுத்துவதைக் குறைக்கும்படி கல்வி அமைச்சும் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது.

அதைக் கேட்ட பல பெற்றோர், "இனி எம்புள்ள ஓடவே வேணாம்" என்றார்கள். பயம் விளங்குகிறது. ஆனால் ஓடாமல் விடுவது மருந்து அல்ல. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு இருதயம் பலமாகும், பசி எடுக்கும், தூக்கம் வரும், மனம் லேசாகும். நாங்கள் செய்ய வேண்டியது வேறு. எந்தப் பிள்ளை ஓடலாம், எந்தப் பிள்ளை டொக்டரிடம் காட்டிவிட்டு ஓட வேண்டும், எந்த நாளில் யாருமே ஓடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளை ஏன் மறைக்கிறது?

என் மகனுக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு நாள் இரவு டெலிபோனில் பேசும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வாப்பா, ஓடி முடிஞ்சா நெஞ்சு இறுக்கமா இரிக்கி. இருமலும் வருது. உம்மாட்ட சொல்லிராதீங்க. சொன்னா சேர்ட்ட போயிருவா. சேர் என்ட பேர வெட்டிருவார்."

நான் சொன்னேன்: "மகன், பேர வெட்டினா அடுத்த வருசம் எழுதலாம். நீ சொன்னது நல்ல காரியம். நாளைக்கே உம்மாவோட கிளினிக்குக்குப் போ. சேரோட நான் பேசுறன்."

டொக்டர் பார்த்து, அவனுக்கு லேசான முட்டு வருத்தம் என்றார். ஊரில் தொய்வு என்பார்கள், இங்கே இழுப்பு என்பீர்கள். ஓடும்போது கூடுகிற வகை. மருந்து கொடுத்தார். விளையாட்டு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பேரை வெட்டவில்லை. "இந்த முறை மரதன் வேணாம், ரிலேயில ஓடட்டும்" என்றார். அடுத்த வருடம் டொக்டரின் சம்மதத்தோடு மரதன் ஓடினான். பதினோராம் இடம். வீட்டில் கோப்பை இல்லை. ஆனால் ஓடி முடித்து நேராக நின்று தண்ணீர் குடித்தான். எங்களுக்கு அது போதும்.

இதை என் மகனின் பெருமைக்காக எழுதவில்லை. அவன் சொன்ன வார்த்தையைப் பாருங்கள். "பேர வெட்டிருவார்." நெஞ்சு இறுகுவதை விட, பேர் வெட்டுப்படுவதுதான் அவனுக்குப் பெரிய பயம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பயம் இருக்கலாம். தலை சுற்றினால் சொல்லாது. கரும்பலகை தெரியாவிட்டால் சொல்லாது. மாதவிடாய் கடுமையாக இருந்தால் பெண்பிள்ளை சொல்லவே சொல்லாது. ஆகவே முதல் வேலை, பிள்ளை சொன்னால் ஏச மாட்டோம், ஓட்டத்தை ஒரேயடியாக நிறுத்த மாட்டோம் என்ற நம்பிக்கையை அதற்குக் கொடுப்பது.

ஓடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பேர் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையை உட்கார வைத்து அமைதியாக இவற்றைக் கேளுங்கள்.

1. ஓடும்போது, அல்லது ஓடி முடித்தவுடன் எப்போதாவது மயங்கி விழுந்தாயா? கண் இருட்டியதா?
2. ஓடும்போது நெஞ்சு நோகுமா? இறுகுமா? நெஞ்சு படபடவென்று தாளம் தப்பி அடிக்குமா?
3. கூட ஓடுகிற பிள்ளைகளை விட உனக்கு மட்டும் அதிகமாக மூச்சு வாங்குமா? இரவில் இருமல், இழுப்பு உண்டா?
4. இந்த ஒரு கிழமைக்குள் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் இருந்ததா?

பெரியவர்கள் தங்களுக்குள் கேட்க வேண்டியது இரண்டு உண்டு. நம் குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்கு முன் திடீரென்று இறந்திருக்கிறார்களா? பிள்ளைக்குச் சின்ன வயதில் இருதயத்தில் சத்தம் இருக்கிறது என்று எந்த டொக்டராவது சொன்னாரா?

இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும், பிள்ளையை டொக்டரிடம் காட்டிய பிறகுதான் ஓட விட வேண்டும். குறிப்பாக ஓடும்போது மயக்கம் வந்த பிள்ளையை, "சாப்பிடாம ஓடிருக்கும்" என்று நாமே தீர்ப்பு சொல்லி விட்டுவிடக்கூடாது. இருதயத்தில் பிறவியிலேயே இருக்கிற சில குறைகள் வெளியில் தெரியாது. சில பிள்ளைகளுக்கு அந்த மயக்கம் மட்டும்தான் அடையாளம்.

காய்ச்சலோடு ஓடுவது பெரிய ஆபத்து. பெரசிற்றமோல் குடித்துக் காய்ச்சலை அமர்த்திவிட்டு ஓடக்கூடாது. சூடு குறைந்தாலும் நோய் உள்ளே இருக்கும். சில வைரஸ் காய்ச்சல் இருதயத் தசையையும் தாக்கும். நன்றாகச் சுகமான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய நான்கு

முதலாவது, இழுப்பு வருத்தம். குளிர், பனி, லயத்துக்குள் விறகுப் புகை, இவை தோட்டத்தில் இழுப்பைக் கூட்டும். எங்கள் கடற்கரையில் தூசி கூட்டும். டொக்டர் பம்ப் கொடுத்தால் பலர் பயப்படுகிறார்கள். "பம்ப் பழகினா விட ஏலாது" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. பம்ப் மருந்து நேரே மூச்சுப் பைக்குப் போகிறது. அதனால் குளிசையை விடக் குறைந்த அளவு மருந்தே போதும். பொதுவாக இரண்டு வகை கொடுப்பார்கள். ஒன்று இழுப்பு வந்தவுடன் அமர்த்துவது. மற்றது இழுப்பு வராமல் தினமும் தடுப்பது. தடுக்கிற மருந்தை, "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தக்கூடாது. ஓட்டத்துக்கு முன் அமர்த்துகிற பம்ப் அடிக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஓடுகிற நாளில் அந்தப் பம்ப் பிள்ளையின் அலுமாரியில் இருக்கக்கூடாது, மைதானத்தில் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வாதக்காய்ச்சல். பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போகும். இரண்டு மூன்று கிழமை கழித்து முழங்கால் வீங்கும். அது குறைந்து கணுக்காலுக்குப் போகும், பிறகு கைமூட்டுக்குப் போகும். "வளர்ற புள்ளைக்கு கால் கொடச்சல்" என்று தைலம் தடவி விட்டுவிடுவோம். ஆனால் இந்த நோய் இருதயத்தின் வால்வைப் பழுதாக்கும். நெருக்கமாக ஆட்கள் வாழ்கிற இடங்களில் தொண்டைக் கிருமி லேசாகப் பரவும். நம் லய அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வாதக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தால் மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போடச் சொல்வார்கள். வருடக்கணக்கில் போட வேண்டும். கிளினிக் நாளில் உங்களுக்கு ஒரு நாள் பேர் போகும் என்பது எனக்குத் தெரியும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஊசி தவறினால் நோய் திரும்பி வரும், வால்வு இன்னும் பழுதாகும். கிளினிக் திகதியை முன்கூட்டியே கங்காணியிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். தாய் போக முடியாவிட்டால் தகப்பன், தகப்பன் இல்லாவிட்டால் பாட்டி கூட்டிப் போகட்டும்.

மூன்றாவது, இரத்தச்சோகை. பிள்ளை வெளிறியிருக்கும், சீக்கிரம் களைக்கும், வகுப்பில் தூங்கும், படித்தது மனதில் நிற்காது. நாம் சோம்பல் என்று ஏசுவோம். பூச்சித் தொல்லையும் இரும்புச்சத்துக் குறைவும் இதற்குப் பெரிய காரணம். பாடசாலையில் வாரம் ஒன்றாகத் தருகிற இரும்புச்சத்துக் குளிசையையும், பூச்சிக் குளிசையையும் பிள்ளை உண்மையில் விழுங்குகிறதா, ஜன்னலால் எறிகிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, நாம்தான் தேயிலை வளர்க்கிறோம் என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயம் குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் நல்லது. முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, நெத்தலி, இவற்றில் இயன்றதைக் கொடுங்கள். கீரையில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

பெரியபிள்ளையான மகளுக்கு இது இன்னும் முக்கியம். மாதாமாதம் இரத்தம் போவதால் சோகை லேசாக வரும். சடங்கு முடிந்தவுடன் பெண்பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தி வீட்டில் இருத்துகிற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. கடற்கரையிலும் உண்டு, மலையிலும் உண்டு. நிறுத்த வேண்டியது ஓட்டத்தை அல்ல, சோகையை.

நான்காவது, கண். ஒரு தாய் என்னிடம் வந்து, "ஐயா, மூத்தவளுக்கு நல்லா வருது, சின்னவனுக்கு மூளையே இல்லைங்க" என்று வருத்தப்பட்டார். பையனை வாசலில் நிறுத்தி, எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களைக் காட்டி, "எத்தனை பேர் நிக்கிறாங்க?" என்று கேட்டேன். "யாரு நிக்கிறா?" என்றான். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்ட பிறகு கரும்பலகை எழுத்து அவனுக்குத் தெரிந்தது. கொப்பியில் எழுத்தும் நேரானது. புள்ளியும் மெதுவாக ஏறியது. மூளையில் குறை இருக்கவில்லை.

சூடும் குளிரும்

நம் பிள்ளைகள் குளிர் நாட்டில் வளர்கிறவர்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. பகலிலும் அங்கே வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். கடற்கரையில் 30 பாகையைத் தாண்டும், காற்றில் ஈரமும் கூட. தோட்டத்துப் பிள்ளை வலய மட்டம், மாகாண மட்டம் என்று வென்று, பெரிய போட்டிக்குச் சூடான ஊருக்கு இறங்கினால் அதன் உடம்பு தடுமாறும். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு கிழமை வேண்டும். அதேபோல எங்கள் கல்முனைப் பிள்ளை நுவரெலியாவுக்கு ஓட வந்தால், குளிரும் உயரமும் சேர்ந்து மூச்சு வாங்கும். அங்கே முதல்வன் இங்கே பின்னால் வரலாம். அது திறமைக் குறைவு இல்லை.

சூட்டில் ஓடுகிற நாளில் கவனிக்க வேண்டியவை இவை. நீண்ட ஓட்டம் விடியற்காலையில்தான் நடக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஓடக்கூடாது. ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன் லேசான சாப்பாடு கொடுங்கள். ரொட்டியோ சோறோ ஒரு வாழைப்பழத்தோடு போதும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தலை சுற்றினால், குளிர் நடுக்கம் வந்தால், வாந்தி வந்தால் ஓட்டத்தை நிறுத்துவது வெட்கம் இல்லை என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

நோன்பு காலத்தில் எங்கள் ஊர் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. ஆனாலும் சில பிள்ளைகள் தனியாகப் பயிற்சி செய்யும். நோன்போடு வெயிலில் கடும் ஓட்டம் வேண்டாம், நோன்பு திறந்த பிறகு லேசாகச் செய்யட்டும் என்பதே நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது. திருவிழாவுக்கு விரதம் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான்.

மைதானத்தில் பிள்ளை விழுந்தால்

ஓடிய பிள்ளை விழுந்து, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது சூட்டினால் வந்த ஆபத்தாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். உடுப்பைத் தளர்த்துங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும். வாகனம் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

பிள்ளை கூப்பிட்டாலும் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் காத்திருக்கவே கூடாது. நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் மறு கையை வைத்து, பலமாகவும் வேகமாகவும் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தடவை. வைத்தியசாலைக்கு ஒப்படைக்கும் வரை ஆள் மாறி ஆள் செய்ய வேண்டும். இதைப் படித்து மட்டும் பழக முடியாது. தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ முதலுதவி பழக்குகிறவர்களிடமோ கேட்டு, ஒரு நாள் எல்லோரும் செய்து பாருங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசு இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. அடிக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்துச் சந்தி மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். மலைப் பாதையில் அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் தோட்டத்து வாகனத்தையும் உடனே கேளுங்கள். விளையாட்டுப் போட்டி நாளில் எந்த வாகனம் தயாராக நிற்கிறது என்று அதிபரிடம் முன்பே கேட்பது பெற்றோரின் உரிமை.

புள்ளியும் இடமும்

உடம்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன். மனதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வசதி குறைந்த, கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவிப் பணமும் பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்க ஒரு வழி அது. எழுதுகிற பிள்ளைக்கு வயது பத்து. ஆனால் பெறுபேறு வருகிற நாளில் நாங்கள் அதை வாழ்க்கைத் தீர்ப்பாக ஆக்கிவிடுகிறோம். என் மகளுக்கு வெட்டுப்புள்ளியை விட ஆறு புள்ளி குறைவு. அன்று அவள் சாப்பிடவில்லை. "வாப்பா, ஊரெல்லாம் கேக்குறாங்க" என்று அழுதாள். "கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லுறன், நீ சாப்பிடு மகள்" என்றேன். அவள் இப்போது அதே ஊர்ப் பாடசாலையில் சந்தோஷமாகப் படிக்கிறாள். சாதாரண தரம் இருக்கிறது, உயர்தரம் இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது. பத்து வயதில் எந்தக் கதவும் மூடப்படுவதில்லை.

படிப்பா விளையாட்டா என்று சண்டை போடுகிற வீடுகளும் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கத்தைப் பாருங்கள். 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் நம் நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவரே பிறகு அமெரிக்காவில் படித்துக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024இல் காலமானார். நம் பக்கத்தில், ஹட்டன் வெலிஓயாத் தோட்டத்தில் இருந்து வந்த சண்முகேஸ்வரன் 10,000 மீற்றர் போன்ற நீண்ட ஓட்டங்களில் நாட்டின் முன்னணி வீரர்களில் ஒருவரானார். லயத்தில் பிறந்த காலும் தேசிய மட்டத்தில் ஓடும். ஆனால் நீண்ட தூரம் ஓடுகிறவன் முதல் சுற்றிலேயே எல்லா மூச்சையும் செலவழிக்க மாட்டான். பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. பிள்ளை பிறந்தபோது மருத்துவிச்சி தந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். பெட்டிக்கு அடியில் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். டொக்டரிடம் போகும்போது கொண்டு போங்கள்.

2. பாடசாலை வைத்திய பரிசோதனை நாளில் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். நம் தோட்டப் பாடசாலைகள் பல அந்த வகைதான். டொக்டர் கடிதம் தந்து வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால் அந்தக் கடிதத்தைக் கொப்பிக்குள் விட்டுவிடாதீர்கள்.

3. பிள்ளைக்கு இழுப்பு, இருதய வருத்தம், வலிப்பு, நீரிழிவு, எது இருந்தாலும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடமும் விளையாட்டு ஆசிரியரிடமும் கொடுங்கள். மருந்தின் பெயரும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

4. ஓட்டத்தில் பேர் கொடுத்த பிள்ளை கடைசி நாள் மட்டும் ஓடக்கூடாது. சில கிழமைகளுக்கு முன்பே கொஞ்சம் நடந்து, கொஞ்சம் ஓடிப் பழகட்டும்.

5. இரவு ஒரு முறையாவது பிள்ளையோடு இருந்து பேசுங்கள். பெரட்டு, கொழுந்து, தண்ணி, விறகு என்று நாள் போய்விடும் என்பது தெரியும். சோறு போடுகிற அந்தப் பத்து நிமிடம் போதும்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க

பிள்ளை கடைசியாக நம்மிடம் "நோகுது" என்று எப்போது சொன்னது? அப்போது நாம் என்ன பதில் சொன்னோம்?

நம் பிள்ளையின் விளையாட்டு ஆசிரியருக்கு அதன் வருத்தம் தெரியுமா?

நம் டிவிசனில் இருந்து வைத்தியசாலைக்குப் போக எவ்வளவு நேரம்? இரவில் யாரைக் கூப்பிடுவோம்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பெரியவர்கள் சொன்னது நமக்குத் தெரியும். சித்திரம் எழுத நம் பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறது. சுவரைத் தட்டிப் பார்ப்பது நம் வேலை. அடுத்த முறை பிள்ளை பாடசாலை விட்டு வந்தால், "எத்தனையாம் இடம்?" என்று கேட்க வாய் வரும். வரட்டும். அதற்கு முன் ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, மூச்சு எப்படி வருகிறது என்று கேளுங்கள்.

உங்கள் பிள்ளைகள் எல்லோரும் நன்றாகப் படிக்கவும், நன்றாக ஓடவும், சுகமாக வீடு திரும்பவும் வாழ்த்துகிறேன்.